எழுத்துக்கு இருபது பாகை

கடிகாரத்தின் முகம் முப்பத்துநாலு மில்லிமீட்டர்.
என் விரல் நுனி பதினொன்று.
வைத்தால்
க, ங, ச, ஞ நான்கும் ஒன்றாய் நசுங்குகின்றன.
கீழக்கரை, மாடி அறை, மின்வெட்டு.
மடிக்கணினி அணைவதற்குள்
காம்பஸால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன்.
பதினெட்டு மெய். முந்நூற்றறுபது பாகை.
மீதியில்லாமல் வகுபட்டது.
யாரோ எனக்காகவே எண்ணிவைத்தது மாதிரி
எழுத்துக்கு இருபது.

ஷ வெளியே நின்றது. ஜ, ஸ, ஹ கூடவே நின்றன.
ஷஹீதா என்கிற என் பெயர்
நானே கட்டின வாசலில் செருப்போடு நின்றது.
நடுப்புள்ளிக்குள் அவற்றுக்கு ஓர் அறை ஒதுக்கினேன்.
தட்டினால் திறக்கும்.

உயிர் பன்னிரண்டையும் திரையில் கொட்ட முடியாது.
அதனால் காற்றைக் கேட்டேன்.
மெய்யைத் தொட்டு விரலை எடுக்காமல்
வாடைப் பக்கம் இழுத்தால் இ,
தென்றல் பக்கம் உ,
கச்சான் எ, கொண்டல் ஒ.
ஐயும் ஔவும் மூலைகளில்.
சும்மா தொட்டால் அ. புள்ளிக்கு இரட்டைத் தட்டு.
நெடில் வேண்டுமா, இன்னும் ஓர் இமைப்பு பிடித்திரு:
மணிக்கட்டில் இரண்டாம் அதிர்வு வரும்.
பள்ளியில் மனப்பாடம் செய்த மாத்திரை
முதல்முறையாகத் தோலில் பட்டது.

ஆறு கடிகாரங்களோடு
களிமண்குண்டுக்கு பஸ் ஏறினேன்.

பாசி எடுக்கிற பெண்கள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
முத்திருளாயி கையை நீட்டினாள்.
பாறை கிழிக்காதிருக்க
நான்கு விரலிலும் சைக்கிள் டியூப் துண்டு, துணிச்சுற்று.
மிச்சம் சுண்டுவிரல்.
என் இருபது பாகையைச் சுண்டுவிரல் நகத்தால்
அவள் தட்டினாள், எறும்பை விரட்டுவது போல.

பிறகு முடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.
சொட்டு தானாக எழுதத் தொடங்கியது:
ஙஙஙஙஙங.
தமிழில் எவரும் தேடாத எழுத்தைக்
கடல் தேடிப் பிடித்துவிட்டது.
நம்புச்செல்வி சிரித்ததில்
இடுப்புப் பையிலிருந்து பாசி சிந்தியது.

தோல்வியைத் துடைத்தபடி
தயாராய் வைத்திருந்த ஆறு வாக்கியங்களைக் காட்டினேன்.
கரையேறிவிட்டேன்.
தண்ணீர் கலங்கல்.
கால் வெட்டிவிட்டது, ஆள் அனுப்பு.
இப்படி.
ஒரே தட்டு போதும், எழுதவே வேண்டாம்.
அவள் ஆறையும் உருட்டிப் பார்த்தாள்,
மறுபடி மேலிருந்து.
"எல்லாம் நல்லாத்தான் இருக்கு.
இதுல நான் பேசுறது எதுவும் இல்லியே."
வேறென்ன வேண்டும் என்று கேட்டேன்.
அதற்குள் வண்டி வந்துவிட்டது.
உடைமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு
வியாபாரி மூட்டையை மாட்டினார்.
பதினாலு. ஈரத்துக்கு மூணு, மண்ணுக்கு ஒண்ணு போக
பத்து என்று எழுதிக்கொண்டார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இரவு, பத்தே கால்.
மேசைமேல் என் சோதனைக் கடிகாரம் அதிர்ந்து
தண்ணீர்க் குவளையில் இடித்தது.

தராசு பொய்

ஆறு கைக்கும் போயிருக்கிறது.
பதிவைத் திறந்து பார்த்தேன்: நாற்பத்தொரு வினாடி.
த, ஒரு தொடல்.
ராவில் இரண்டு அதிர்வும் முழுதாக.
கடைசிச் சொல்லில் விரல் கச்சான் பக்கம் போய்
நீண்டு நின்றிருக்கிறது:
தராசு பேய்.
அப்படியே விட்டிருந்தாலும் தப்பில்லை.
அவள் விடவில்லை. அழித்தாள்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக
அந்த பொ-வைக் கொண்டல் திசையில் இழுத்து
யகரத்தின் தலையில் புள்ளி குத்தி அனுப்பியிருக்கிறாள்.

கீழே மூன்று புள்ளிகள் துடித்தன.
நம்புச்செல்வி எழுதிக்கொண்டிருக்கிறாள்.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.
வரும்வரை விழித்திருக்கலாம் என்று
ஆறு வாக்கியங்களையும் நீக்கினேன்.
ஙகரத்திடமிருந்து பத்துப் பாகை வாங்கிப்
பகரத்துக்குக் கொடுத்தேன்.
இனி வட்டம் சமமாய் வகுபடாது.
இருக்கட்டும்.