சூர் டவுன் பேண்டு

வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள்.
முப்பத்தெட்டாம் ஆண்டு விழா அழைப்பிதழின் பின்பக்கம்
காலியாகக் கிடக்கிறதாம்.
நான் பெரிய டிரம். எண்ண வரும், எழுத வராது.
ஆனால் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் ஆறு பேர், நாலு கருவி.
போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்ற கமீஸ்
கழித்துப்போட்ட பித்தளையை ஏலத்தில் எடுத்து
பிக்கப்பில் கொண்டுவந்து இறக்கினார்,
சுறாக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே.
டியூபாவில் அந்த வாடை மூன்று வருடம் இருந்தது.

அதை முதலில் ஊதியவர் மெனினோ, ஏசி மெக்கானிக், கோவா.
அவர் கேன்சலில் போனதும் பைலி.
பைலிக்குப் பிறகு இடிந்தகரை இருதயராஜ்.
பெட்டி மூடியின் உட்புறம்
ஆணியால் ஒரு பெயர், மார்க்கரால் இரண்டு,
கடைசியாக நகப்பூச்சில் ரொவேனா.
எல்லோரும் போனார்கள். டியூபா போகவில்லை.
இந்த ஊரில் அதற்குத்தான் சர்வீஸ் அதிகம்.
விசா அடித்ததில்லை,
மெடிக்கலுக்கு ரத்தம் கொடுத்ததில்லை.

ஒத்திகை இடைவேளையில் ஒருநாள் கமீஸ் சொன்னார்:
இந்த ஊர்ப் பெயரை எழுதுகிற மாதிரியேதான்
கடைசி நாளில் வானவர் ஊதப்போகும் கொம்பையும் எழுதுவோம்.
உங்கள் மொழியில் சூர் என்றால் என்ன?
அச்சம், என்றேன்.
அப்படியானால் சரியாகத்தான் வாசிக்கிறீர்கள், என்று
வால்வுக்கு எண்ணெய் விடப் போனார்.

மே பிறந்தால் ஊதுவாய் உதட்டைச் சுடும்.
ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருப்போம்.
சூட்டில் சுருதி தானாக ஏறும்,
யாரைக் குறை சொல்வது?

ஒட்டகப் பந்தயத்தில் ஒருமுறை வாசித்தோம்.
ஒட்டகங்கள் வந்த வழியே திரும்பி ஓடின.
அபராதம் போடவில்லை. சாப்பாடும் போடவில்லை.

2007 ஜூன். புயல்.
வாதி பெருகி ஸ்டோர் ரூமுக்குள் வந்தது.
சிறு டிரம்கள் இரண்டும் கடலோடு போயின.
செய்யது மீரான் தன் கடை அரிசியை விட்டுவிட்டு
முழங்கால் சேற்றில் ஜால்ராவைத் தேடிக்கொண்டிருந்தார்.
டியூபாவைக் கவிழ்த்தோம்:
அரை வாளி மண், ஒரு நண்டு.
நண்டு எங்களைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்தது,
வேறு எங்கோ வாசிக்க ஒப்புக்கொண்டதுபோல.
இருதயராஜ் அன்று சிரித்த சிரிப்பு
நோட்டில் இல்லை. இங்கே சேர்க்கிறேன்.

2011 ஆகஸ்ட். சாரம் சரிந்தது.
பேப்பர் சரியாகப் பதினேழு நாள்.
ஆஸ்பத்திரிப் பின்கட்டில் வண்டி நின்றது, மஸ்கட் போக.
நோன்பு மதியம். ஊதலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.
சீருடையில் வரிசையாக நின்றோம்,
வரிசையில் அவன் இடத்தில் டியூபா, தரையில்.
கருவிகளைத் தூக்கி
அவனுக்குப் பிடித்த அணிவகுப்பை முழுதாக வாசித்தோம்
மூச்சு விடாமல்.
வால்வுகள் ஏறி இறங்கும் டொக் டொக் மட்டும்.
என் கோல் தோலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்று நின்று திரும்பியது.
நூற்று இருபத்தெட்டு. எண்ணினேன்.
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு
முடியும்வரை சாவியைக் கையில் வைத்திருந்தார்.
எப்படித் தெரிந்தது அவருக்கு, முடிந்தது என்று?

அன்றைய பதிவு:
நிகழ்ச்சி ஒன்று. கட்டணம் இல்லை. பெட்ரோல் இரண்டு ரியால்.

பிறகு ரொவேனா கேட்டாள், நான் ஊதட்டுமா என்று.
இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ்,
டியூபாவுக்குப் பின்னால் ஆளே தெரியாது.
பன்னிரண்டு வருடம் ஊதினாள். போன மாதம் கிளம்பிவிட்டாள்.
கமீஸ் இப்போது வருவதில்லை.
மகள் ஷம்ஸா டிரம்பெட்டோடு வருகிறாள்,
வந்ததும் அப்பா மாதிரியே கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

இடம் தீர்ந்தது.
விழா வெள்ளிக்கிழமை, மக்ரிபுக்குப் பிறகு.
டியூபாவுக்கு ஆள் தேவை.
மூச்சு இருந்தால் போதும்,
மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.