அரைப்புள்ளி

சித்திரபானு வருஷத்து ஆடி. காற்று நாள்.
கண்மாய்க்கரைக் கருப்பர் முன்னால்
ஒரு கேள்வியைக் கயிற்றில் கட்டி
இழுத்து வந்தார்கள்.
கறுப்புக் கிடா. நெற்றியில் மட்டும்
எட்டணா அகலத்துக்கு வெள்ளை.

மோல்மேன் கடையைப் பூட்டிச்
சாவியோடு நடக்கத் தொடங்கியவர்
இருக்கிறாரா.
பெயரை நான் சொல்லக் கூடாது.
உண்டியல் சீட்டுகளில் மு.அரு.நா. என்றிருக்கும்.

பெட்டியடிப் பையன் மட்டும் வந்து சேர்ந்தான்,
இரண்டு காலிலும் புண், கண்ணுக்குள் காடு.
"தமு தாண்டி ஒரு ஆத்தங்கரையில
நீ முன்னால போன்னாக ஆச்சி."
எத்தனை முறை கேட்டாலும்
அந்த ஆற்றங்கரையோடு நின்றுவிடுவான்.

நகரக் கோயில் கணக்குக்கும் இது தெரிந்தாக வேண்டும்.
புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு புள்ளி,
ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி.
மூன்று மாதமாக என் வரிக்கு நேரே
பென்சிலால் ஒரு கோடு,
மையில் எழுதத் துணியாமல்.

மஞ்சள் நீர் தெளித்ததும் கிடா துலுக்கினால்
இருக்கிறார்.
துலுக்காமல் நின்றால் என்று தொடங்கிய உடையப்ப வேளார்
பாதியில் விபூதித் தட்டைத் தேடினார்.

முதல் செம்பு. கிடா நின்றது.
இரண்டாம் செம்பு முதுகில் வழிந்து
வயிற்று மயிரில் சொட்டியது.
மாலையிலிருந்த வேப்பிலையை எட்டிக் கடித்து
மென்றுகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல்.
ஓரகத்தி என் கழுத்தைப் பார்த்தாள்.
பார்த்ததை மறைக்க வானத்தைப் பார்த்தாள்.

"கேக்குறவுக கையால ஊத்தட்டும்."

பள்ளத்தூரில் என் பிறந்த வீட்டுக் கொல்லையில்
ஒரு வெள்ளாடு நின்றது.
அடைமழையிலும் அசையாது.
காதுக்குள் ஒரு சொட்டுப் போனால் போதும்,
உடம்பு முழுவதையும் உதறிவிடும்.
இதை ஏன் அந்த நேரத்தில் நினைத்தேன்?
நினைத்தேனா, கை நினைத்ததா?
முதுகுக்குப் போன செம்பு
காதில் சாய்ந்தது.

கொம்பிலிருந்து வால் வரைக்கும் துலுக்கிற்று.
என் சேலையெல்லாம் மஞ்சள்.
குலவை, குலவை,
யாரோ என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அரிவாளோடு நின்ற சேவுகன் மட்டும்
குலவையில் சேராமல் என்னைப் பார்த்தான்.
எத்தனை கிடா பார்த்தவன்.
எந்த நீர் எப்படி இறங்கும் என்று
அவனுக்குத் தெரியாதா.
ஒன்றும் சொல்லவில்லை. ஒரே வெட்டு.

அன்றைக்கு எல்லோருக்கும் பதில் கிடைத்தது.
மாமியார் கஞ்சி குடித்தார்.
தேவகோட்டைக் கடன்காரர் ஆறு மாதம் தவணை தந்தார்.
கணக்குப்பிள்ளை ரப்பரைத் தேடியெடுத்து
என் கோட்டை அழித்தார்.
கருப்பரைக் கேட்டார்கள். நான் சொன்னேன்.
எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் இரண்டாங்கட்டில்
வாழையிலையில் ஈரலை வைத்துவிட்டுப் போனான் சேவுகன்.
இன்னும் சூடு.
கழுவிப் புரட்டினேன், மறுபடி புரட்டினேன்.
அங்கே மலைக்காரர்கள் கோழியறுத்துத்
தொடையெலும்பின் துளையில் மூங்கில் குச்சி செருகி
எந்தப் பக்கம் போகலாமென்று கேட்பார்களாம்.
ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்,
படித்தால் நீ சிரிப்பாய் என்று.
சிரித்தேன் அப்போது.
அந்த ஆற்றங்கரையில் யாராவது
அவருக்காக ஒரு கோழி அறுத்திருப்பார்களா.
எலும்பு என்ன சொல்லியிருக்கும்.

ஈரலில் ஒரு நரம்பு இரண்டாகப் பிரிந்தது.
ஒன்று ஓரம்வரை போயிற்று.
மற்றது பாதியில் காணாமல் போயிற்று.
கத்தியை எடுத்து
இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி
மிளகு போட்டேன்.

மறுநாள் கிணற்றடியில் தலைக்கு ஊற்றும்போது
என் காதுக்குள் தண்ணீர் போய்விட்டது.
சுற்றிலும் யாருமில்லை.
தலையை உதறாமல்
அப்படியே நின்றேன்,
வெகுநேரம்.