செக்குபந்திக்குக் கீழே

சாட்சிகள் ரெண்டு பேரும் கடலுக்குள்ள இறங்கிட்டாங்க
என்றார் போனில் இருதயநாதன்,
மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறவர்.
நான் விற்ற மென்பொருள்.
எனக்கு உடனே புரிந்தது.

செக்குபந்தி எழுதி முடித்த இடத்திலிருந்து
ஒவ்வொரு பத்தியும்
முந்தியதின் உள்தள்ளலை வாங்கி
அதன்மேல் தன் அரை அங்குலத்தையும் போட்டுக்கொண்டு
கிழக்கே, கிழக்கே.
எழுதிக்கொடுப்பவர் செம்மண்டலத்தில் நின்றால்
எழுதிவாங்குபவர் பீச் ரோட்டில்.
சாட்சிகள்
தேவனாம்பட்டினத்து அலைக்கும் அப்பால்,
தாளுக்கு வெளியே.

இரவு பதினொன்று.
கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் விழுந்து வெகுநேரம்.
ஓரங்களை அளந்தேன், சரி.
டேப்களை எண்ணினேன், சரி.
எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன்;
லதாவும் நிர்மலாவும் குற்றமற்றவர்கள்.

கடைசியில் கோப்பை நோட்பேடில் திறந்தேன்.
அலங்காரம் உரிந்து
வரிக்கு வரி பின்சாய்வுக்கோடுகள்,
தின்று போட்ட சங்கரா மீனின் முள்.
தமிழ் இல்லை, எண்கள்தான்.
'அ' அங்கே 2949.

உள்தள்ளச் சொன்னவள் நான்.
இதோடு போதும் என்று சொல்லாதவளும் நானே.
சொல்லாவிட்டால் அடுத்த பத்தி
உயில் இல்லாமலே சுவீகரித்துக்கொள்ளும்.
ஒரு சொல்தான் விடுபட்டிருந்தது, 'பார்ட்':
வாங்கியதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு
வெறும் ஆளாக வந்து நில் என்பது.
சேர்த்தேன்.
சாட்சிகள் கரையேறினார்கள்.

காலையில் மறுபடி போன்.
தலைப்பு உள்ளே போயிருக்கிறது.
நேரில் போனேன்.
காலி வரி அசிங்கமாக இருந்ததாம்,
பேக்ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்.

பத்தி முடியும் இடத்தில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது சார்,
அதன் ஒழுங்கெல்லாம் அதற்குள்தான்,
அதை அழித்தால் ரெண்டு பத்தியும் ஒன்றாகி
ஒன்றின் சட்டை மற்றதற்கு...

எல்லைக்கல்லைப் பிடுங்கிட்டேன்னு சொல்லும்மா, என்றார்.
இருபத்தெட்டு வருஷமா
அந்தத் தகராறுலதான் சோறு திங்கிறேன்.

மறைந்த குறிகளைக் காட்டும் பொத்தானைக் காட்டினேன்.
திரை நிறைய நட்ட கற்கள்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்,
பதினேழு.
அமீன் வேலையும் எனக்குத்தானா என்றார்.

அச்சு வந்தது.
எல்லோரும் அவரவர் இடத்தில்.
சர்வே எண் வரும் வரி மட்டும்
மற்ற வரிகளைவிட ஒரு நூல் உயரம்.
ஆங்கில இலக்கம் வேறு எழுத்துரு, அதனால்.

அவர் கவனிக்கவில்லை.
நான் பணத்தை வாங்கிக்கொண்டு
படியிறங்கினேன்.