கொடு, வா

இரவுப் பணி முடிந்த கையோடு
ஸ்கூட்டரைச் சிற்றாறு அணைக்கு விட்டால்
மீன் கிடைக்காது.
இது பிடிபட எனக்கு இரண்டு மார்கழி ஆனது.

விடியலில் அணைத் தண்ணீர்
பிணவறைத் தரை மாதிரி கிடக்கும்.
முங்கிப்போன அயனிமரத்தின் வேருக்குள்
கொடுவா வாயைப் பூட்டிக்கொண்டு நிற்கும்.
மூக்குக்கு நேரே இறாலை ஆட்டினாலும்
மயக்கம் தெளியாத நோயாளி
டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்க்கும்.

"பேரைப் பாரு, கொடு, வா.
கொடுக்கவும் இல்ல, வரவும் இல்ல"
என்பான் விஜின்.
ரப்பர் ஷீட் புகைக்கூடத்தில் வேலை.
அவன் வந்து உட்கார்ந்தால் கரையே புகை மணக்கும்.
அதுக்குத்தான் மீன் கடிக்கவில்லை என்பேன்.
இல்ல, உன் டெட்டால் என்பான்.

இப்போது தூங்கிவிட்டே வருகிறேன்.
பகல் ஒரு மணிக்கு எழும்பி
ஆறிப்போன மரச்சீனியை நின்றபடி தின்றுவிட்டு.
வெயில் காய்ந்த மேல்தண்ணீரைக்
காற்று பையப் பையத் தள்ளிவந்து
பாறைக் கரையோரம் ஒதுக்கும் நேரம் அது.
கையை முக்கிப் பார்த்தால்
கொஞ்சோலச் சூடு,
யாரோ எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அவ்வளவு.
அதற்காக அது மேலே வரும்.
பசிக்காக இல்லை.

அன்று களியல் பக்கம் எங்கோ
கிறிஸ்மஸ் குடிலுக்கு மைக் செட் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒன், டூ, ஒன், டூ.
ரப்பர் மீனைப் பாறையோரம் விழவிட்டு
இழுக்காமல் விட்டேன்.
எண்ணினேன், நாடி பார்க்கும்போது எண்ணுவதுபோல்.
பதினேழில்
தண்ணீர் ஒருமுறை வாய் சப்பியது.

பிறகு தங்கூசி கையை அறுத்ததும்
விஜின் "விடாத, விடாத, லூசு விடு" என்று
இரண்டையும் ஒரே மூச்சில் கத்தியதும்
அது வெள்ளியாய் எழும்பி
தலையை உதறியதும்.
அதை விவரிக்கத் தெரியவில்லை.
பிரசவம் பார்த்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டால்
மணிதான் சொல்வாள்.
மூன்று இருபத்தைந்து.

ஆறு கிலோ.
குத்தகைக்காரர் ஏழு வருசம் முன்னால்
டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஊற்றிய குஞ்சு.
வரும்போது எல்லாமே ஆண்.
வயசேற ஏற
கொடுவா பெண்ணாக மாறும்.
மாறினபின் ஆற்றோடு இறங்கி
கடல் கலக்கும் வாய்க்குப் போகவேண்டும்,
உப்பு பட்டால்தான் முட்டை.
இதற்குத் தேங்காய்ப்பட்டினம் பொழிமுகம்
இறங்கிப்போகும் தூரந்தான்.
நடுவில் அணை.

பாறையில் வைத்து வயிற்றைக் கீறினேன்.
செவுள் ஓரம் பிளேடு,
பெருவிரலில் ரத்தம்.
முட்டை இல்லை.
மஞ்சள் கொழுப்பு இரண்டு பட்டை,
எதற்கென்றே தெரியாமல் சேர்த்துவைத்தது.
விஜின் எட்டிப் பார்த்து
"பொம்பளையா?" என்றான்.
ஆம் என்றேன்.
வேறெதுவும் சொல்ல வரவில்லை.

முந்தின இரவு
ஐந்தாம் கட்டிலுக்கு நான்கு பாட்டில் உப்புத் தண்ணீர் ஏற்றினேன்.
சொட்டு சொட்டாக,
நிமிடத்துக்கு இத்தனை என்று.
அவள் காலையில் கண்ணைத் திறந்து
டீ கேட்டாள்.

பையிலிருந்து கல்லுப்பு ஒரு கை எடுத்து
உள்ளும் புறமும் தேய்த்தேன்.
விரல் எரிந்தது.

"தலை எனக்கு" என்றான் விஜின்.
"பாதி" என்றேன்.
மைக்கில் இன்னும்
ஒன், டூ.
மூன்றுக்குப் போகவே இல்லை.