அரை எண்

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கண்ணிக்குப்
பொடி வைத்து ஊதுகிறவள்.
நிஜப் பொடி, நிஜ ஊதல். பேச்சில் எனக்கு அது வராது.
பத்தரை இஞ்ச் என்று சீட்டு வந்தால்
அந்தக் கணுக்கால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.
என் பாதம் எவ்வளவு என்று மட்டும்
இருபத்து மூன்று வருடம் தெரியாது.

தம்பி கோகுலனின் எட்டாம் எண் ஷூவில்
நுனிக்குச் செய்தித்தாள் அடைத்துத்தான்
இத்தனை நாள் பலகை ஏறினேன்.
நான் குதிப்பதற்குள் ஷூ குதித்து முடித்திருக்கும்.
"நீ ஓட்டுறது ஸ்கேட்போர்டு, படகு இல்ல" என்று
ஏற்காட்டிலிருந்து மேக்டலின் குரல் அனுப்பினாள்.
"சாயங்காலமா அள. காலையில கால் பொய் சொல்லும்."

பத்து மணிநேரம் சம்மணமிட்டு எழுந்த கால்
அளப்பதற்கென்றே வீங்கியிருந்தது.
குதிகாலைச் சுவரில் ஒட்டி
ஆர்டர் சீட்டின் முதுகில் நின்று
பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்துக் கோடிட்டேன்.
இடது இருபத்து நான்கு புள்ளி ஒன்று.
வலது இருபத்து மூன்றரை.
மறுபடி அளந்தேன். அதேதான்.
இவ்வளவு நாள் சேர்ந்து நடந்தும்
ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்து ரோட்டில், மேம்பாலத்து நிழல் விழும் கடை.
பையன் முதலில் ரோஸ் நிறத்தை எடுத்து வைத்தான்.
அப்புறம் மெத்தை மெத்தையாய் ஒரு ஜோடி.
பலகையோடு பேச
நடுவில் தரகர் வைத்த மாதிரி இருந்தது.
மூன்றாவது, தாழ்ந்த ஷூ.
கணுக்கால் எலும்புக்குக் கீழேயே நின்றுவிடுகிற கழுத்து,
கறுப்பு ஸ்வேட், தோசைக்கல் போலத் தட்டை அடி.
உள்ளட்டையை உருவி அதன்மேல் நின்றேன்.
பெருவிரலுக்கு முன்னால் ஓர் அரிசி மணி இடம்.

"ஒரு வெரல் எடம் வுடுங்கக்கா" என்று
நுனியை அமுக்கிப் பார்த்தான்.
பள்ளிக்கூட ஜூன் மாதங்கள் ஞாபகம் வந்தன:
எப்போதும் அடுத்த வருடத்துக்கான ஷூ,
பொருந்துகிற வருடம் அடி பிளந்திருக்கும்.
"இந்தக் கால் இனி வளராது தம்பி."

சுடிதார் ஓரத்தில் ஒட்டிவந்த வெள்ளிக் கண்ணி ஒன்றைத்
தரையில் போட்டு ஏறி நின்றேன்.
தெரிந்தது.
அடி வழியாக, வட்டமாக,
ஊதிய இடத்துச் சின்ன முடிச்சு உட்பட.

ஐந்தில் இடது சரி, வலது குதிகால் நழுவும்.
நாலரையில் வலது சரி, இடது விரல் மடங்கும்.
"இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு தருவீங்களா?"
"மிச்ச ரெண்டை யாருக்குக்கா விக்கறது?"
நியாயம்தான்.
ஸ்வேட் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது.
பெரிய காலின் பேச்சைக் கேட்டு ஐந்தை வாங்கினேன்.
வீட்டில், வலதின் உள்ளட்டைக்கு அடியில்
கொலுசுப் பெட்டியின் ஊதா வெல்வெட் அட்டையை
வெட்டி வைத்தேன். நழுவல் நின்றது.

ஞாயிறு. வெல்ல மண்டி முன்னால் சிமெண்ட் தரை.
ஷட்டர்கள் இறங்கியிருந்தன,
எறும்புகளுக்கு மட்டும் வேலை நாள்.
முன்காலால் பலகையின் ஆணித் தலைகளை எண்ணினேன்.
நான்கு. ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது.
எத்தனை மாதமாகவோ.

திங்களன்று ஒரு சீட்டு வந்தது,
ஒரே ஜோடிக்கு இடது பத்து, வலது பத்தேகால்.
எழுத்துப் பிழை என்றார் முதலாளி.
இருக்கலாம். போன் போட்டுக் கேளுங்கள் என்றேன்.

பதினோராம் நாள்
இடது சுண்டுவிரல் பக்கம் ஸ்வேட் தேய்ந்து
சாக்ஸ் எட்டிப் பார்க்கிறது.
முன்கால் பலகையை உரசி இழுக்கும் அதே இடம்.
பசை வாங்க வேண்டும்.
மேக்டலினுக்குப் படம் அனுப்பினேன்.
"அளவு சரி" என்று பதில் வந்தது.