முதல் எண்ணெய்

வாரத்தில் ஐந்து நாள் நான் ஓட்டுவது
நாற்பதடி மஞ்சள் பேருந்து.
அறுபத்தொரு பிள்ளைகள், ஒன்பது கண்ணாடிகள்.
தண்டவாளம் வந்தால் நின்று, கதவைத் திறந்து,
காதுகொடுத்துவிட்டுத்தான் நகரவேண்டும்.
அதில் ரயில் வந்து பதினாறு வருஷம் ஆகிறது.

ஆறாவது நாளுக்கென்று
இருநூற்றுப் பத்து டாலருக்கு இதை வாங்கினேன்.
முழங்கால் உயரம். ஐம்பது கிலோ.
புல்வெட்டும் இயந்திரத்தின் இதயத்தைக்
குழந்தை சைக்கிளின் எலும்புக்குள் வைத்துத் தைத்த மாதிரி.
ஏறி உட்கார்ந்தால்
முட்டி இரண்டும் காதை விசாரிக்கும்.
"வெட்டுக்கிளி வேலைக்குக் கிளம்பிடுச்சு"
என்றான் மைத்துனன் ரெய்னோ.
சொல்லட்டும்.

ஒரு மணி நேரம் ஓடியதுமே எண்ணெயை மாற்று என்றது கையேடு.
பழைய கேக் தட்டில் வடித்தேன்.
வெயிலில் சாய்த்துப் பார்த்தால்
மீன் செதிலைப் பொடித்துக் கரைத்தது போல வெள்ளித் துகள்.
புது எஞ்சின்
தன்னைத் தானே கொஞ்சம் தின்றுதான்
பல்லுக்குப் பல் பொருந்துகிறது.
என் முதல் கல்யாணமும் அப்படித்தான்;
அதில் எண்ணெயை யாரும் மாற்றவில்லை.

செயின் கட்டைவிரல் அகலம் தொய்யலாம், அதற்கு மேல் ஆகாது.
டயரில் காற்று குறைவாக இருந்தால்தான்
வேர்களைத் தடவிக்கொண்டு ஏறும்.
எத்தனால் கலந்த பெட்ரோல் குளிர்காலம் முழுக்கத் தூங்கினால்
கார்புரேட்டருக்குள் பச்சைப் பிசின்.
ஊசித் துளையைக் குத்தியெடுக்க
மகனின் கிடாரிலிருந்து ஒரு கம்பியை
அவன் இல்லாத நேரத்தில் அறுத்துவைத்திருக்கிறேன்.

மிச்சிகனின் வடகோடி. சுரங்க ரயில் ஓடிய பாதை.
இரும்பைப் பிடுங்கிய இடத்தில் சரளையும் பெரணியும்.
மணிக்கு முப்பது கிலோமீட்டர்தான்,
ஆனால் தரைக்கு இவ்வளவு கிட்டத்தில்
முப்பது என்பது நூறு.

செப்டம்பர் இரண்டாம் சனி, மணல் குழிக்கு அப்பால்
செயின் அறுந்தது.
எஞ்சின் மட்டும் ஆளில்லாத வீட்டில் கத்துவது போல் கத்தியது.
முப்பதடி பின்னால், பாம்புச் சட்டையாய்
அது கிடந்தது.
தள்ளினேன்.
ஐம்பது கிலோ என்றேனே,
மணலில் அது பேருந்து.

எதிரே முதலில் புகை. பிறகு சத்தம். பிறகு
வெஸ்டன் நியெமி. வயது பதினொன்று.
என் வண்டியில் கடைசி இருக்கை.
இரண்டு வருஷத்தில் ஒரு வணக்கம் சொன்னதில்லை.
செயினைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
"நானூத்தி இருபதா?"
"ஆமாம்."
புதினா மிட்டாய் டப்பாவைத் திறந்தான்.
இரண்டு இணைப்புக் கண்ணி, ஒரு ஸ்பார்க் பிளக்,
துருவோடு ஒட்டிப்போன ஒரே ஒரு மிட்டாய்.
கிளிப்பின் திறந்த வாய்
ஓடும் திசைக்குப் பின்னால் பார்க்கவேண்டும்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் சரியாகவே போட்டுவிட்டான்.

"ஹெல்மெட் எங்கே?"
பேருந்துக் குரல், தானாக வந்துவிட்டது.
"கிளையில தொங்குது. திரும்பும்போது எடுப்பேன்."
"இப்பவே எடு."
போனான். நானும் பின்னாலேயே போனேன்,
அவன் கிளப்பிய தூசியையெல்லாம் விழுங்கிக்கொண்டு,
அதை மாட்டி வாரைப் பூட்டும் வரை.

திங்கட்கிழமை ஏழு ஐந்து. கதவைத் திறந்தேன்.
ஏறினான். வணக்கம் இல்லை.
ஸ்டியரிங்கில் இருந்த என் நகங்களைப் பார்த்தான்,
மூன்று சோப்புக்கும் மசியாத கறுப்பு.
தன் கையைச் சட்டைக்குள் இழுத்தான். பிறகு
வெளியே விட்டான்.
கடைசி இருக்கைக்குத்தான் போனான்.

தண்டவாளம். நின்றேன். கதவு. காது.
ரயில் இல்லை.
மரங்களுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு சின்ன எஞ்சின்
விக்கி விக்கி ஓடிக்கொண்டிருந்தது.
சோக்கைத் திருப்ப மறந்திருக்கிறார்கள்.
கண்ணாடியைப் பார்த்தேன்.
அறுபது தலைகள் அதது பாட்டுக்கு இருக்க,
கடைசி இருக்கையில் ஒன்று மட்டும்
சன்னல் பக்கம் சாய்ந்து
கேட்டுக்கொண்டிருந்தது.