விலைக்கழிவு

சனிக்கிழமை கல்முனையில் பஸ் ஏறும்போது
மூவரிடமும் திட்டம் என்று ஒன்றுமில்லை.
ரிஸ்மியாவுக்கு உடுப்புத் துணி,
உதேனிக்கு வாவி தெரியும் மேசையில் ஓர் ஐஸ் கோப்பி,
எனக்கு
விடைத்தாள் இல்லாத ஏதாவது ஓர் ஊர்.

காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை மரங்கள்.
"காய்க்குமா?" என்றேன்.
"காய்க்கும். வேணுமெண்டா ஏறிப் பறிங்க"
என்றாள் ரிஸ்மியா.
உதேனிக்கு அது சிங்களத்தில் போய்ச் சேர்வதற்குள்
கல்லடி வந்துவிட்டது.
அவள் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டு இறங்கினாள்.

கோவில்பட்டிக்காரி நான்.
ஓராண்டு விசா, கணக்குப் பாடம்.
மொழி ஒன்றுதானே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
முதல் வாரம் ஒரு பையனிடம்
"உன்கிட்டக் கொஞ்சம் பேசணும்" என்றேன்.
தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டான்.
பேசுவதென்றால் இங்கே ஏசுவது.
பேசுவதற்குக் கதைப்பது.
அப்படியானால் கதைக்கு என்ன சொல்வார்கள்?
இன்னும் கேட்கவில்லை.

பழைய பாலத்தின் நடுவில்
என் செருப்பு வார் அறுந்தபோது
இருவரும் கைப்பிடிக் கம்பியில் காதை வைத்து
மீன் பாடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நல்ல உச்சி வெயில்.
"பறுவத்திலதான் பாடுமாம்."
"போயா லீவுதானே," என்றாள் உதேனி,
"மீன் மட்டும் வேலையா?"

திருமலை வீதிக் கடைக் கண்ணாடியில்
சிவப்பு எழுத்து: 15% விலைக்கழிவு.
எங்களூரில் கழிவு சாக்கடையோடு போகும்.
இங்கே விலையிலிருந்து போகிறது.

முழங்காலில் நின்று
என் பாதத்தை அளவுப் பலகையில் வைத்தவன்
நிமிர்ந்தான்.

திலோஷன்.
பத்தாம் தரம், கடைசி வாங்கு.
வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காய்ச்சல் வருபவன்.
சதவீதத் தாளில் இருபதுக்கு மூன்று,
அதிலும் ஒன்று இரக்கத்துக்குப் போட்டது.

குதிகாலில் அவன் விரல்கள் அப்படியே நின்றன.
காலை இழுத்துக்கொண்டால் அவனுக்கு ஒரு மாதிரி இருக்கும்.
இழுக்காவிட்டால் எனக்கு.
உதேனிக்குத் திடீரென்று
குழந்தைகளின் சப்பாத்துகள்மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது.
ரிஸ்மியாதான்,
யாரோ ஒரு கடைப்பையனைக் கேட்பதுபோல்,
"இந்த மண்ணிறத்தில ஏழாம் இலக்கம் இரிக்கா தம்பி?"

போனான். வந்தான். மாட்டிவிட்டான்.
இரண்டாயிரத்து நானூற்றைம்பது என்றது அட்டை.
கைப்பேசியைத் திறந்தேன்.
முதலில் பதினைந்து வீதம் கழிக்க வேண்டும்,
பிறகு பழக்கதோஷத்தில் இந்திய ரூபாய்க்கு மாற்ற வேண்டும்.

"ரெண்டாயிரத்து எண்பத்திரண்டரை, டீச்சர்.
எண்பது தாங்க."

திரையில் எனக்கு இன்னும் புள்ளியே விழவில்லை.

பில்லைக் கொடுக்கும்போது குரலை இறக்கினான்:
"ஸ்கூல்ல சொல்லிராதீங்க."
"திங்கட்கிழமை உன்கிட்டப் பேச..."
அவன் தோள் குறுகுவது தெரிந்தது.
"கதைக்கணும்," என்று திருத்தினேன்.
கல்லாவில் முதலாளி இருமினார்.
அவன் அடுத்த காலுக்குப் போய்விட்டான்.

ஐஸ் கோப்பி குடித்தோம். வாவி இருந்தது.
யாரோ தோணியைக் கிறுக்கி எங்கள் பக்கம் கையசைத்தார்கள்,
நாங்களும் அசைத்தோம்.

திரும்பும் பஸ்ஸில் புதுச் செருப்பு கடித்தது.
கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
அவன் எப்படிச் செய்திருப்பான் என்று போட்டுப் பார்த்தேன்.
பத்து வீதம் இருநூற்று நாற்பத்தைந்து.
அதில் பாதி, நூற்று இருபத்திரண்டரை.
இரண்டையும் சேர்த்துக் கழித்தால் முடிந்தது.
பென்சில் வேண்டாம், நூறால் வகுக்க வேண்டாம்.
நான் பலகையில் ஒருநாளும் எழுதாத வழி.

"அந்தத் தாளில எத்தின போட்டீங்க?"
என்று கேட்டாள் ரிஸ்மியா, ஜன்னலைப் பார்த்தபடி.
சொன்னேன்.
ஒன்றும் சொல்லவில்லை அவள்.

துணி வாங்க மறந்துபோனது
களுவாஞ்சிகுடி தாண்டித்தான்
அவளுக்கு நினைவு வந்தது.